எழுநூற்றுப் பத்து அடி

பகல் பதினொன்று பத்துக்குத் திருமலைசாமி சூலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினான். கையில் ஒரு துணிப்பை. பையில் கல்யாணப் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, ஒரு பட்டுச் சேலை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

சேலை அக்காவுக்கு. அவர்கள் சனத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையின் பக்கத்தில் அவனுடைய அக்காளோ தங்கையோ நிற்பாள். மணப்பெண் உடுத்தப்போகும் கூறைச் சேலையின் ஒரு நுனி அவன் கையில் இருக்கும், மறு நுனி இவள் கையில். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பன் மகளோ சித்தப்பன் மகளோ நிற்பாள். கூடப் பிறந்தவள் இருக்கும்போது வேறொருத்தி நின்றால் பந்தலில் எல்லோரும் காரணம் கேட்பார்கள்.

செல்லாத்தாள் இருந்தாள். நான்கு நாளுக்கு முன்பு சொல்லி அனுப்பியிருந்தாள், பெரியப்பா மகள் ராசம்மாளை நிறுத்திக்கொள்ளச் சொல்லி.

"அவளே சொல்லிப்போட்டா. விட்டுரு" என்றாள் அம்மா. ராசம்மாளுக்கு இரண்டு பையன்கள். அம்மாவின் குரலில் இருந்த நிம்மதியை அவன் கவனித்தான்.

அவனால் விட முடியவில்லை. அன்னூரில் அவர்கள் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு மைல். பாதி வழி அவன் நடப்பான், பாதி வழி அக்கா தூக்கிப் போவாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, அவன் டவுசரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவாள்.

பஸ்ஸில் வரும்போது காரணங்களை நினைத்துப் பார்த்தான். பெண் பார்க்கப் போனபோது அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நிச்சயத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லை, மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து போன் பண்ணினான், அவ்வளவுதான். வருத்தம் இருக்கும். இன்னொன்றையும் நினைத்தான். அது ஏழு வருடத்துக்கு முந்தியது. அதுவாக இருக்காது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மச்சான் ஈஸ்வரமூர்த்தி தறி ஷெட்டில் இருந்தார். நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவனைப் பார்த்ததும் கையைக் காட்டிவிட்டு, ஒரு தறியில் அறுந்த நூலை முடிந்து ஓடவிட்ட பிறகுதான் வெளியே வந்தார்.

"மாப்பிள்ளைக்குச் சூலூர் வழி தெரிஞ்சுதாக்கும்."

"கோவிச்சுக்காதீங்க மச்சான். மண்டியில வேலை."

"நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன். கல்யாணத்துக்கு முந்தி வந்தீங்களே, அதுவே பெருசு. அதுக்கு மேல உங்களை யாரு உடுவாங்க."

"அக்கா ஏன் மாட்டேங்குது மச்சான்?"

மச்சான் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்தார். "என்னங்க?"

"இணைச்சீருக்கு ஏன் மாட்டேங்குது?"

அவர் பஞ்சை விரலில் உருட்டினார். "எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். நீங்களே கேளுங்க. கேட்டா மொதல்ல காப்பி குடுப்பா. பொறவு சோறு போடுவா. அதையும் தாண்டிக் கேக்கோணும்."

பஞ்சைத் திரும்பவும் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீடு ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. செல்லாத்தாள் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். மேலே விட்டத்தில் ஒரு பழைய சேலை தொட்டிலாகக் கட்டியிருந்தது. தொட்டிலிலிருந்து ஒரு கயிறு வந்து அவள் கால் பெருவிரலில் முடிந்தது. காய் அரிய அரிய, கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"கண்ணு" என்றாள். கயிற்றைக் கழற்றிவிட்டு எழுந்தாள். "வா, வா. வெயில்ல வந்தயா? ஏன் இப்படிக் கருத்துப்போனே. பொண்ணு ஊட்டுக்காரங்க வேற ஆளுன்னு நெனச்சுக்கப் போறாங்க."

"அவங்களும் கருப்புத்தான் அக்கா."

"அப்பச் சரி. பொருத்தம் பாத்துத்தான் முடிச்சிருக்குது அம்மா."

காப்பி கொடுத்தாள். அவன் முழுதும் குடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். மண்டபத்தைப் பற்றிக் கேட்டாள், சமையல்காரரைப் பற்றிக் கேட்டாள், பெண்ணின் பெயர் பத்திரிகையில் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்டாள்.

"கொழந்தை யாருது?"

"பக்கத்தூட்டு நஃபீசாவோடது. ஆரிஃப்னு பேரு. அவ ஊட்டுக்காரரு கடைவீதியில டெய்லரு. இவ நூல் சுத்தப் போறா. மத்தியானம் வரைக்கும் பையன் இங்கதான்." தொட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். "எட்டு மாசம் ஆகுது. கட்டெறும்பாட்ட இருப்பான். முழிச்சா பாரு."

அவன் தட்டம் கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். வெற்றிலை பாக்கு, பத்திரிகை, அவற்றின்மேல் சேலை. தட்டத்தை அவள் முன்னால் நீட்டினான்.

"எடுத்துக்கக்கா. இணைச்சீர் சேலை."

செல்லாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். குனிந்து சேலையைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். துடைத்த கை முந்தானையிலேயே இருந்தது.

"நல்லா இருக்குது. மாம்பழக் கலரு. ராசம்மா செவப்பு, அவளுக்கு எடுப்பா இருக்கும்."

"ராசம்மாளுக்கு எடுக்கலக்கா."

"அதனால என்ன. அளவா இருக்குது? சேலை எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"பொண்ணு பாக்கக் கூப்பிடலைன்னு வருத்தமா?"

"சீ. அதெல்லாம் இல்ல."

"போன்ல சொன்னேன்னா?"

"போன் பண்ணுனயே, அதுவே எனக்குச் சந்தோசம். நான் உங்க மச்சானைக் கூட்டிட்டு மொத நாளே வந்துருவேன். எல்லா வேலையும் செய்யறேன். முழங்கால்தான் ஒரு பக்கமா நோவுது. சீர்ல அத்தனை நேரம் நிக்க முடியாது."

"ஷெட்டுல மணிக்கணக்கா நிக்கிறே."

"அது வேற கண்ணு."

"எப்படி வேற?" தட்டத்தைத் தரையில் வைத்தான். அவன் குரல் உயர்ந்துவிட்டது. "கூடப் பொறந்தவ உசுரோட இருக்கறப்ப வேற ஆளை நிறுத்துனா என்னை என்ன நெனப்பாங்க? வர்ற ஒறம்பரை சனத்துக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது?"

செல்லாத்தாள் குனிந்து அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள். அவன் குரல் உயர்ந்த கணத்திலேயே அதைச் செய்தாள். பிறகு அரிந்த காயையெல்லாம் ஒன்றுசேர்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"மெதுவாப் பேசு. பையன் முழிச்சுக்குவான்."

பையன் முழித்துக்கொண்டான். முதலில் சேலை அசைந்தது, அப்புறம் அழுகை வந்தது. செல்லாத்தாள் கயிற்றைக் கையில் எடுத்து ஆட்டினாள். "ஓ, ஓ. எங்க சாமி. மாமன் சத்தம் போட்டுருச்சா? அடிச்சுப்போடலாம் மாமனை." அழுகை நிற்கவில்லை. கயிற்றை வேகமாக இழுத்தாள். ஒரு கிலுகிலுப்பையை எடுத்துத் தொட்டிலுக்கு மேலே ஆட்டினாள். அழுகை கூடியது.

"தூக்குக்கா" என்றான்.

"இரு, நிறுத்திக்குவான்."

"மூச்சு வாங்குது பாரு. தூக்கு."

"நீ தூக்கு."

"எனக்குத் தூக்கத் தெரியாது."

"முதுகுக்கு ஒரு கை, அடியில ஒரு கை. எட்டு மாசப் புள்ளைதான், ஒண்ணும் ஆகாது. தூக்கு கண்ணு."

அவன் தூக்கினான். குழந்தை கனமாக இருந்தது. ஈரத்தலையை அவன் தோளில் தேய்த்தது. அவன் அதை அக்காவிடம் நீட்டினான். செல்லாத்தாள் ஓர் அடி பின்னால் போனாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அவன் நீட்டிய கையோடு நின்றான்.

"அவ நம்பி உட்டுட்டுப் போறா கண்ணு" என்றாள். "இத்தனை நாளும் ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிட்டேன்."

அப்போது அவனுக்குத் தெரிந்தது.

எண்பத்தொன்பது சித்திரை. கிணறு வற்றி இரண்டாம் வருடம். போர் போடத் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்தது. பூசை போட அக்காவைத்தான் வரச் சொன்னார்கள். அப்பா இருந்தவரைக்கும் முதல் விதையை அவள் கையால்தான் போடவைப்பார். கல்யாணமாகிப் போன பிறகும் விதைப்புக்கு அவளைக் கூட்டிவர ஆள் அனுப்புவார். அவள் கைராசியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அன்றைக்கும் அவள்தான் போர் போடும் இடத்தில் நட்டிருந்த கல்லுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தாள்.

எழுநூற்றுப் பத்து அடி போட்டார்கள். வெள்ளைப் புழுதி மட்டும் வந்துகொண்டே இருந்தது. தென்னை, வேம்பு, மாட்டின் முதுகு, எல்லாம் மாவு தூவியது போல ஆனது. "நிறுத்திக்கலாமுங்களா?" என்று கேட்டார் வண்டிக்காரர். அவன் தலையாட்டினான். திரும்பினான். அக்கா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து நின்றாள்.

"உங்கிட்டப் போய்த் தேங்காயைக் குடுத்தேன் பாரு" என்றான். "ரெண்டு புள்ளையைக் குழியில வெச்ச கை. அது பட்டு எது வெளங்கும்?"

வண்டியை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் போனாள். வந்த ஆட்களுக்கெல்லாம் சமைத்தாள். அவனுக்குப் பரிமாறினாள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். மறுநாள் ஊருக்குப் போனாள். ஆடி நோம்பிக்கு வந்தபோது வழக்கம் போலச் சிரித்துப் பேசினாள். மறந்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அது அவனுக்கு வசதியாக இருந்தது. தோட்டம் காய்ந்தது. அவன் மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போனான்.

குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அழுகை நின்றிருந்தது.

"அக்கா. அன்னிக்கு நான் சொன்னது."

"அதை எதுக்கு இப்ப."

"கோவத்துல சொன்னதுக்கா. வாய்க்கு வந்தது."

"எனக்குத் தெரியாதா உன்னை. நான் உம்மேல வருத்தப்படல கண்ணு, சத்தியமா. ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல." அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு அதுக்கு முந்தி தெரியல. அவ்வளவுதான். டாக்டரம்மா ரத்தம் சேரலைன்னாங்க. ரெண்டு தடவையும் அதேதான் சொன்னாங்க. சரீன்னு இருந்தேன். நீ சொன்னப்பத்தான் எல்லாம் ஒண்ணாச் சேந்து தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"நான் தொட்டதெல்லாம். போகட்டும், உடு."

"விதை போட்டயே. அப்பா காலத்துல வெளையலயா?"

"அது அப்பாவோட ராசி."

சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"வெளக்கு உங்க மச்சான்தான் வெக்கிறாரு" என்றாள். "நான் சொல்லல. நான் வெக்காம உட்டேன். நாலஞ்சு நாள் பாத்தாரு. பொறவு அவரே குளிச்சுட்டு வந்து வெச்சாரு. இன்னை வரைக்கும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல."

ஷெட்டில் ஒரு தறி நின்றது. மற்ற மூன்றின் சத்தம் தனியாகக் கேட்டது. பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது.

திருமலைசாமி குழந்தையோடு தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல."

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நீரோட்டம் பாத்தவரு காட்டுன எடம் அது இல்ல. அவரு வாய்க்காலுக்கு அக்கட்டால காட்டுனாரு. அங்க கல்லு நட்டு வெச்சுட்டுப் போனாரு. ரிக் வண்டி அங்க போகோணும்னா பத்துத் தென்னம்புள்ளையை வெட்டோணும். நட்டு மூணு வருசம் ஆன புள்ளைக. எனக்கு மனசு வரல. மொத நாள் சாயங்காலம் அந்தக் கல்லைப் புடுங்கி நாப்பது அடி இக்கட்டால நட்டுப்போட்டேன். ரெண்டு எடத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு நெனச்சேன். நீ பொட்டு வெச்சது நான் நட்ட கல்லுக்கு."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முந்நூறு அடியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எரநூறுலயே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் நின்னுட்டு இருந்தேன். நீ மோரைக் கொண்டாந்தே. யாரையாச்சும் சொல்லோணும், நீ பக்கத்துல இருந்தே."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நட்டப்ப யாரும் பாக்கலயா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

செல்லாத்தாள் அவனைப் பார்த்தாள். அவள் முகம் மெதுவாக இளகியது. சிரித்தாள்.

"சின்ன வயசுலயும் நீ இப்படித்தான்" என்றாள். "தாவணி கிழிஞ்சுதுன்னு நான் அழுதப்போ, நீ போய் நான்தான் கிழிச்சேன்னு அப்பாகிட்டச் சொல்லி அடி வாங்குனே. முள்ளுல மாட்டிக் கிழிஞ்சது அது. உன்ற மனசு எனக்குத் தெரியும் கண்ணு."

"அக்கா, இது நெசம்."

"சரி."

"நெசமாலுமே நான்தான் கல்லைப் புடுங்குனேன்."

"சரி கண்ணு. எனக்காகச் சொல்றே. நல்லா இருப்பே." அவள் எழுந்தாள். "அன்னிக்கு நீ என்னைத் தேத்தறதுக்குச் சொல்லலயே."

குழந்தை அவன் மடியில் நிற்க முயன்றது, விழுந்தது, திரும்ப முயன்றது.

ஒரு மணிக்கு நஃபீசா வந்தாள். தலைமுடியிலும் முக்காட்டுத் துணியிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னங்க இது அதிசயம், இவன் மனுசங்க மேல உக்காந்திருக்கான்."

"என்ற தம்பி" என்றாள் செல்லாத்தாள். "கல்யாண மாப்பிள்ளை."

"நல்லா இருங்கண்ணா. ஏனுங்கண்ணா, உங்க அக்காவுக்கு இவன்னா உசுரு. பாட்டென்ன, கதையென்ன. ஆனா ஒரு நா கூடத் தூக்க மாட்டாங்க. கயிறு மட்டும்தான். நாளைக்குப் பேச்சு வந்தா இவன் கயிறைத்தான் பெரியம்மான்னு கூப்பிடப் போறான்."

செல்லாத்தாளும் சிரித்தாள். நஃபீசா பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகும்போது செல்லாத்தாள் குனிந்து, கை படாமல், அவன் முகத்துக்கு நேரே விரல்களை ஆட்டினாள். பையன் அந்த விரலைப் பிடிக்கப் பாய்ந்தான். அவள் அதற்குள் எடுத்துவிட்டாள். அது அவர்களுக்குள் தினமும் நடக்கும் விளையாட்டுப் போல இருந்தது. பையன் கத்திச் சிரித்தான்.

மச்சான் வந்தார். சாப்பிட்டார்கள். அவரைக்காய்ப் பொரியலும் தட்டைப்பயிற்றுக் குழம்பும். அக்கா அவனுக்கு மூன்று தடவை சோறு போட்டாள். மச்சான் தரையில் கிடந்த தட்டத்தைப் பார்த்தார், சேலை மடிப்புக் கலையாமல் இருப்பதைப் பார்த்தார். கை கழுவப் போன இடத்தில்தான் சொன்னார்.

"சோத்தையும் தாண்டிக் கேட்டீங்களாட்ட இருக்குது."

"ஆமாங்க மச்சான்."

"ஏழு வருசமா நானும் சொல்லிப் பாக்கறேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா." கையை உதறினார். "நீங்க சொன்னதை நம்பறா. அதுக்கு என்ன பண்றது."

அவர் சொன்னதில் குத்தல் இல்லை. அவன் துண்டை நீட்டினான். அவர் வாங்கித் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

பஸ் நிறுத்தம்வரை அக்கா கூட வந்தாள். சேலையை அவனே பையில் எடுத்து வைத்திருந்தான். பாதையில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் "என்ற தம்பி, அடுத்த வாரம் கல்யாணம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருத்தி, "அப்ப இணைச்சீருக்கு நீங்கதான் நிப்பீங்க" என்றாள். "வேலை கெடக்குதுங்க ஆயிரம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நிறுத்தத்தில் ஒரு புளியமரம். நிழலில் நின்றார்கள். அவள் பார்வை அவன் சட்டைத் தோளில் நின்றது. குழந்தையின் எச்சில் அங்கே காய்ந்து வெளுத்திருந்தது.

"ராசம்மாளை நிறுத்த மாட்டேன்" என்றான்.

"கண்ணு."

"நீ நில்லு. இல்லைன்னா யாரும் வேண்டாம். இணைச்சீரே வேண்டாம்."

"அப்படிச் சொல்லக்கூடாது. அம்மா தாங்காது. பொண்ணு ஊட்டுல என்ன நெனப்பாங்க."

"என்னமோ நெனச்சுக்கட்டும்."

"கோவத்தைப் பாரு" என்றாள், சின்னப் பையனிடம் சொல்வது போல. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உன்ற கால்ல உழுகட்டுமாக்கா? இங்கயே உழுகறேன்."

"சும்மா இரு. நாலு பேரு பாக்கறாங்க."

"ராசி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அக்கான்னு வந்து நில்லு. நான் அந்தப் பக்கம் புடிச்சிருப்பேன், நீ இந்தப் பக்கம் புடிச்சுக்க. அவ்வளவுதானே. ஒரு ரெண்டு நிமிசம்."

கருமத்தம்பட்டி வண்டி திருப்பத்தில் வந்துவிட்டது. செல்லாத்தாள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. பயம் இருந்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்தத் துணியோடு அவன் தோளைத் துடைத்தாள்.

"அந்தப் புள்ளை உடுத்தற சேலை கண்ணு அது. நான் புடிச்சுக் குடுத்து, நாளைக்கு உன்ற ஊட்டுல ஒண்ணு ஆச்சுன்னா, அப்ப உனக்குக் கோவம் வந்தா, நீ யாரைச் சொல்லுவே?"